பெரிய தாங்கிக்குக் கீழே

ஈப்போவின் பழைய நீர்த்தேக்கத்தை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளைக்காரன் கட்டியது, இத்தனை காலத்தில் ஒரு செங்கல் பெயரவில்லை என்பார்கள். பெயரவில்லைதான். அந்தச் செங்கலைத் தேய்த்துக் கழுவியவள் என் அம்மா. புகழவும் திட்டவும் எனக்கு உரிமை உண்டு.

ஜெலாப்பாங்கைத் தாண்டி, எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குன்றில் அது இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புல் முளைத்த மேடும் ஓர் இரும்புக் கதவும்தான் தெரியும். பெரிய தாங்கி என்போம். வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரை வடித்துவிட்டு, உள்ளே கழுவத் தோட்டத்துப் பெண்களைக் கூப்பிடுவார்கள்.

அதற்கு அவர்களே ஒரு முறை வைத்திருந்தார்கள். விடியலில் தலைக்குக் குளித்து, துவைத்த கைலி உடுத்தி, செருப்பை வெளியே விட்டு, கதவருகில் சூடம் கொளுத்திய பிறகே இறங்குவார்கள். அன்று வெற்றிலை கிடையாது. யாரும் சொல்லி வைத்த சட்டமல்ல. "ஊரே குடிக்கிற தண்ணி" என்பாள் அம்மா.

எழுபதுகளின் கடைசியில், பள்ளியை முடித்த வருடம், நானும் இறங்கினேன். வரிசை வரிசையாகச் செங்கல் தூண்கள், தூணுக்குத் தூண் வளைவு, மேலே வில்லாக வளைந்த கூரை. சுண்ணாம்புப் பூச்சில் ஏதோ ஒரு கொத்தனின் விரல் தடம் அப்படியே இருந்தது. தண்ணீருக்கு இப்படி ஒரு மாளிகை கட்டியவர்கள், அதன் காலடியில் இருந்த எங்களுக்கு ஒரு குழாய் வைக்கவில்லை.

தாங்கியிலிருந்து டவுனுக்குப் போன இரும்புக் குழாய் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலை ஒட்டி மண்ணுக்கடியில்தான் போனது. நாங்கள் குடித்தது ஓடைத் தண்ணீர். அதைக் குடித்துத் தம்பி பேதியில் துவண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். லயத்துக்கு ஒரே ஒரு குழாய் வேண்டுமென்று அம்மா கேட்காத ஆளில்லை. தண்ணி ஆபீசைக் கேள் என்றார் தோட்டத்தை நிர்வகித்த தொரை. தோட்டம் தனியார் நிலம், தொரையைக் கேள் என்றது தண்ணி ஆபீஸ். பல வருடம் இந்தப் பந்தாட்டம்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் அந்தக் குழாய் வெடித்தது. வாசலில் மண்ணைப் பிளந்துகொண்டு பளிங்குபோல் தண்ணீர். லயமே வாளியோடு ஓடியது.

"யாரும் வாயத் தொறக்காதீங்கலா, இருக்கிற வரைக்கும் புடிச்சிக்குவோம்" என்றாள் அடுத்த வீட்டு அக்கா.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. கழுவியவள் அல்லவா, நல்ல தண்ணீர் சாக்கடைக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. எப்படியும் தோண்டத்தான் போகிறார்கள், கையோடு நமக்கும் ஒரு குழாய் வைத்துவிடுவார்கள் என்றும் நம்பினாள். தோட்டத்து ஆபீசுக்குப் போய்த் தகவல் சொன்னாள்.

பகல் சாய்வதற்குள் லாரி வந்து நின்றது. அடேயப்பா, என்ன வேகம்! தோண்டினார்கள், அறுத்தார்கள், புதுக் குழாயைப் பொருத்தினார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் நம்மவர்தான்.

"தம்பி, குழியும் தோண்டியாச்சு, பைப்பும் லாரியில கெடக்கு. எங்களுக்கும் ஒண்ணு இழுத்து விட்டுட்டுப் போங்களேன்" என்றாள் அம்மா.

"அது டவுன் தண்ணி அக்கா. ஒழுகல அடைக்கத்தான் எனக்கு ஆர்டர். வேற தாக் போலேலா, முடியாது."

மண்ணைத் தள்ளி மூடினார்கள். வெயிலில் நின்ற களைப்பில், "குடிக்கத் தண்ணி இருக்காக்கா?" என்று கேட்டார். காலையில் பிடித்த நல்ல தண்ணீர் வாளி நிறைய இருந்தது. அம்மா அதைத் தொடவில்லை. பானையிலிருந்து, காய்ச்சியும் மஞ்சள் மாறாத ஓடைத் தண்ணீரைச் செம்பில் மொண்டு கொண்டுவந்து நீட்டினாள்.

அவர் செம்புக்குள் பார்த்தார். வாயருகே கொண்டுபோகவில்லை.

"குடிங்க தம்பி. நாங்க குடிக்கிறதுதான்."

செம்பைத் தரையில் வைத்துவிட்டு லாரியில் ஏறிவிட்டார்.

அடுத்த வருடம் தாங்கி கழுவக் கூப்பிட்டார்கள். போகாதே என்று கத்தினேன். அம்மா அன்றும் அந்த ஓடைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் போனாள்.