வலது பக்கத்துப் பேனல்

விமானம் கட்டப்போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்கு டிசைன் போடுகிறவர் அவர். பெங்களூர் பக்கம் ஒரு பயிற்சி மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய், சின்ன விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டார். பிறகு இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைப் பாகம் பாகமாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, வாடகைக்கு எடுத்த பழைய தோல் குடோனில் வைத்துப் பொருத்த ஆரம்பித்தார். எஞ்சின் வரவில்லை, அரசாங்க அனுமதியும் வரவில்லை. நடு உடம்பும் சீட்டுகளும் மட்டும் தயாராக நின்றன, இறக்கைகள் சுவரில் சாய்ந்து கிடந்தன. "இன்னாம்மா, உங்க பிளேன் எப்போ கெளம்புது?" என்று தெருவில் கேட்பார்கள். "டிபன் சாப்ட்டதும்" என்பேன்.

என் ஆசையை மட்டும் வெளியே சொல்லவில்லை. ஒருநாள் அந்த மைதானத்துப் பயிற்சியாளர் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். மேலே போனதும், "பிடிங்க மேடம்" என்று ஓட்டும் குச்சியை என்னிடமே விட்டுவிட்டார். கொஞ்ச நேரம்தான். எனக்கும் ஓட்ட வேண்டும் என்பது அன்றைக்கே மனசில் உட்கார்ந்துவிட்டது.

விமானத்தில் உட்கார்ந்தால் நேர் எதிரே இருக்கும் பலகைதான் பேனல். வேகம், உயரம், எஞ்சின் சூடு எல்லாவற்றையும் காட்டும் டயல்கள் அதில் இருக்கும். எதை எங்கே வைப்பது என்று நாமே முடிவு செய்துகொள்ள இணையத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது. விமானத்தின் வகையைச் சொன்னால் வெறும் பலகையின் படம் வரும். ஓரத்தில் வரிசையாக நிற்கும் டயல்களை மவுஸால் இழுத்துக்கொண்டு வந்து வைக்க வேண்டியதுதான். ஒன்றோடு ஒன்று இடித்தால் சிவப்பாகக் காட்டும். எல்லாம் சரியாக இருந்தால் வெட்டுவதற்கான ஃபைலையும் கொடுத்துவிடும்.

அதில் தான் போட்ட பேனலை என் வீட்டுக்காரர் பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினார். டயல்கள் அத்தனையும் இடது பக்கம், அவர் சீட்டுக்கு எதிரே. வலது பக்கம் மூடி போட்ட ஒரு பெட்டி மட்டும்.

"இது இன்னா?"

"அது உனக்கு. தண்ணி பாட்டில், முறுக்கு, மிக்சர் எல்லாம் வெச்சிக்கலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு சீட்டுக்கும் குச்சி இருக்கிறது. எனக்கு மட்டும் முறுக்கு டப்பாவா? அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, உயரம் காட்டும் டயல் ஒன்றை இழுத்து வலது பக்கம் வைத்தேன். மறுநாள் அது இல்லை. "இடம் கம்மி, வெயிட் ஜாஸ்தி" என்றார். வேகம் காட்டுவதை வைத்தேன். அதுவும் போயிற்று. நான் வைப்பதும் அவர் எடுப்பதுமாகப் பல நாள் நடந்தது. வாய்விட்டுச் சண்டை போடவில்லை. சாம்பாரில் மட்டும் உப்பு கூடக்குறைய இருந்திருக்கும்.

அலுமினியத் தகட்டில் வெட்டுவதற்கு முன்னால் கெட்டி அட்டையில் வெட்டி மாட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவருடைய தோஸ்த் ஒருவர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு நான் பாபி, அதாவது அண்ணி. என் வீட்டுக்காரர் ஃபைலை அவருக்கு அனுப்பினார். மறுநாள் சாயங்காலம் பாய் ஸ்கூட்டரில் குடோனுக்கு வந்து இறங்கினார். கையில் ஒன்றுக்கு இரண்டு அட்டைகள்.

ஒன்று கேட்டபடி இருந்தது. இன்னொன்றில் டயல் ஓட்டைகள் எல்லாம் வலது பக்கம், பெட்டிக்கான ஓட்டை இடது பக்கம். கண்ணாடியில் பார்ப்பதைப்போல எல்லாம் இடம் மாறிக் கிடந்தன.

"இன்னா பாய் இது?" என்றார் என் வீட்டுக்காரர்.

பாய் தலையைச் சொறிந்தார். "மிஷின் ஓட்றவன் பழக்கத்துல ஜோடி போட்டுட்டான்பா. லெஃப்ட் வெட்னா ரைட் வெட்டணும். ஒத்தக் காலுக்கு இங்க யாரு வெட்டிக்கீறாங்க?"

மூவரும் குடோன் அதிரச் சிரித்தோம். கேட்டபடி வந்த அட்டையை அவர் மாட்டிப் பார்த்து, பிரமாதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மற்றதை ஓரமாகப் போடப் போனபோது, "அதையும் மாட்டுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"மாட்டுங்க, சொல்றேன்."

"மாட்டுப்பா, பாபி கேக்கறாங்க இல்ல" என்று பாயே முதல் அட்டையைக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டினார்.

நான் வலது சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். டயல் ஓட்டைகள் எல்லாம் எனக்கு எதிரே. என் வீட்டுக்காரர் தன் இடத்தில், இடது பக்கம் வந்து உட்கார்ந்தார். அவருக்கு எதிரே பெட்டிக்கான சதுர ஓட்டை மட்டும் இருந்தது. எட்டிப் பார்த்தார், கழுத்தை வளைத்துப் பார்த்தார்.

"இங்கருந்து ஒண்ணும் தெரியலியே."

"தெரியாது. முறுக்கு வெச்சிக்கலாம்."

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அந்தச் சதுர ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் ஓட்டணும்னு இருக்குதா?"

"இருக்குது. எனக்கும் கத்துக்கணும்."

"வாய தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"டயல இழுத்து இழுத்து வெச்சது பின்ன எதுக்குன்னு நெனச்சீங்க?"

அவர் இறங்கிச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் அளவு டேப்பை எடுத்து, என் தோளில் ஒரு முனையை வைத்தார். "கைய நீட்டு. எதுவரைக்கும் எட்டும்னு பாக்கலாம்."

ஊர் உலகத்துக் கால்களுக்கெல்லாம் அளவு பார்த்துச் செருப்பு வரைந்த மனிதர், இத்தனை வருஷத்தில் என்னை அளந்து பார்த்தது அன்றைக்குத்தான். "ஆட்டாம வெச்சிக்க" என்று வேறு அதட்டினார். உயரம் காட்டும் டயலுக்கான ஓட்டையை எட்டித் தொடும்வரைக்கும் நான் கையை நீட்டினேன்.