முதலாளியின் பெயர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

தாராவியில் எங்களோடு குடியிருக்கும் என் தங்கையின் கணவர், வாஷியிலுள்ள ஒரு மருந்து நிறுவனத்தின் முதலாளிக்குக் கார் ஓட்டி வந்தார். ஒருநாள் அவரை உள்ளே அழைத்து, பெயருக்கு டைரக்டராக இருக்கும்படி சொல்லிக் கையொப்பம் பெற்றுக்கொண்டனர். சம்பளம் உயரவில்லை, வேலையும் மாறவில்லை. எங்கள் சந்தில் மட்டும் அது பெருஞ்செய்தியாயிற்று.

"என்ன வே டைரக்டரு, படம் எப்பம் ரிலீசு?" என்று பக்கத்து வீட்டுத் தையற்காரர் கேட்பார்.

"கதாநாயகி கிடைக்கல அண்ணாச்சி."

"அப்பம் நான் யாராம்?" என்று அடுக்களையிலிருந்து என் தங்கை குரல் கொடுப்பாள்.

அந்நிறுவனம் காலாவதியான மருந்துகளுக்குப் புதிய தேதி ஒட்டி விற்றது பின்னர் வெளிப்பட்டது. காவல்துறையினர் இவரை விசாரணைக்கு அழைத்தனர். எனக்கு இந்தி ஓரளவு பழக்கம் ஆதலால் உடன் சென்றேன்.

உத்தரவிட்டவர் யார் என்று அதிகாரி வினவினார். இவர் கைகட்டி நின்று, "மாலிக் நே போலா, சாப்," என்றார். முதலாளி சொன்னார் என்பது பொருள்.

"மாலிக் தோ தூ ஹை," என்றார் அதிகாரி. முதலாளியே நீதானே என்கிறார்.

கேள்வி பலவாறு வந்தது, விடை மாறவில்லை. அருகிலிருந்தவர் அதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். அவ்வாறே முடிந்தால் சிறை செல்பவர் எவர் என்பது எனக்கு விளங்கிற்று. சம்பளம் தருபவரின் பெயரை வாயால் சொல்வது எங்களிடையே மரியாதைக் குறைவு. வீட்டிலும் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"மாப்ள, பேரச் சொல்லுங்க," என்றேன்.

"அவிய பேர நான் எப்படி மச்சான் சொல்ல? புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல எடம் வாங்கிக் குடுத்தவிய."

"ஒங்களுக்கு ஜெயில்லயும் எடம் பாத்துட்டாவ."

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிறகு அப்பெயரைத் தந்தை பெயரோடு சேர்த்து முழுமையாகச் சொன்னார். காரின் பின்னிருக்கையிலிருந்து முதலாளி தொலைபேசியில் இட்ட உத்தரவுகளையும் சொன்னார். குரல் மிகத் தணிந்திருந்தபடியால் அதிகாரி மீண்டும் சொல்லச் சொன்னார், இவரும் சொன்னார்.

வழக்கு நடந்து வருகிறது. குற்றஞ்சாட்டப்பட்டோரில் முதற்பெயர் இப்போது முதலாளியுடையது, இவர் சாட்சி. நீதிமன்றத் தாழ்வாரத்தில் முதலாளி கடந்து செல்லும்போது இவர் இன்றும் எழுந்து நிற்கிறார். நான் தடுப்பதில்லை. கூண்டேறினால் பெயரைத் தெளிவாகச் சொல்கிறார்.

தயைகூர்ந்து இவ்விவரத்தை உங்கள் பதிவேட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.