கோவிலம்பாக்கத்துத் தங்கை வீட்டு நாய்

நாய் மருந்துக் கடையில் வேலைக்குச் சேருகிறவருக்கு முதலில் கைக்கு வருவது சம்பளம் அல்ல, அரிப்பு. வருகிறவர்கள் எல்லாம் சொறியைப் பற்றியே பேசினால் கேட்கிறவர் கை சும்மா இருக்குமா? நாய் வளர்த்தோ, நாய்க்கு மருந்து விற்றோ, பக்கத்து வீட்டு நாயைத் தெரியாமல் தடவிக் கொடுத்தோ இதே கதிக்கு ஆளான சக சொறியர்களே, என் அஸ்தினாபுரத்துக் கடைக் கதை உங்களுக்குப் புரியும்.

கண்ணுக்குத் தெரிந்தால் அது உண்ணி. தெரியாமல் தோலுக்குள் வாடகையில்லாமல் குடியிருந்தால் சொறிப்பூச்சி. முடி கொட்டும், தோல் தடித்துப் போகும், நாய் ராத்திரி பகல் தூங்காது. மருந்து இருக்கிறது. ஆனால் தனியார் கிளினிக்கில் ஃபீஸ், டெஸ்ட் என்று ஆரம்பித்தால் மாதச் சம்பளக்காரருக்கே மூச்சு வாங்கும். அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்றால், சொறி நாயை ஏற்றிக்கொள்கிற ஆட்டோ தாம்பரம் வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. அதனால் எல்லோரும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு எங்கள் கவுன்டருக்கு வந்துவிடுவார்கள். அதை நாங்கள் தெரிந்த கால்நடை டாக்டரம்மா ஒருவருக்கு அனுப்புவோம். அவர் காசு வாங்காமல் பார்த்து, நாய்க்குத் தக்கபடி மாத்திரை சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், அன்று முழுக்க வீட்டிலிருந்து நாயைக் கவனிக்க வேண்டும் என்பது அவர் போடும் கட்டளை. அளவு கூடினால் நாய் தள்ளாடும், வலிப்பு வரும், உயிரும் போகலாம்.

தங்கச்சிக்கு ஒரு நாய்

சந்திரசேகரன் சார் பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய விபூதியோடு வந்து, திருட்டு நகை விற்க வந்தவர் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கோவிலம்பாக்கத்துல என் தங்கச்சி வீட்டு நாய்ம்மா, பேரு பைரவன்" என்றார். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவிப் பார்த்தாராம். நாய் மஞ்சளானது. அது போய் உரசிய எதிர்வீட்டு வெள்ளைக் காரும் மஞ்சளானது. சொறி மட்டும் அப்படியே இருந்தது.

வீடியோவில் நாய்க்குப் பின்னால் ஒரு கேட். கேட்டில் சந்திரசேகரன் என்று பெயர்ப்பலகை பளபளவென்று மின்னியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு டாக்டரம்மா சொன்ன மாத்திரையைக் கொடுத்தேன். போகும்போது சும்மா இருக்க முடியாமல், "உங்க தங்கச்சி நாயை ரொம்பப் பிரியமா வச்சுக்குவாங்களோ சார்?" என்று கேட்டேன்.

"அவளா? அவளுக்கு நாயைக் கண்டாலே ஆகாதும்மா!" என்றார்.

வண்டிக்கு ஆனது

அந்த வாரமே முனுசாமி வந்தார். பக்கத்துத் தெரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். "அக்கா, நம்ம ராஜா ஒடம்பு ஃபுல்லா சொறிக்கா. முடியெல்லாம் கொட்டிகினு கீது. அசோசியேசன் செக்ரட்டரி ஒரே பேஜாரு. நாயி இப்டியே இருந்தா நாய் புடிக்கிற வண்டிய வரவெச்சி தூக்கிடுவேன்றாரு. எவனாச்சும் சோறு போட்டா அவனே வூட்டுக்கு இட்டுகினு போவணுமாம்."

"யாரு நாய் இது?" என்றேன். மனிதர் சுதாரித்துக்கொண்டார். "என் மச்சான் நாயிக்கா. பெருங்களத்தூர்ல கீறான்." பெருங்களத்தூர் மச்சானின் நாயை அஸ்தினாபுரத்துச் செக்ரட்டரி ஏன் தூக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் போனிலிருந்தே வீடியோவை டாக்டரம்மாவுக்கு அனுப்பி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அதுவரை என்ன வைத்தியம் செய்தார் என்று கேட்டேன். மெக்கானிக் ஷெட்டில் கழித்துப்போட்ட என்ஜின் ஆயிலை வாங்கித் தடவினாராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதை நாய் நக்கினால் விஷம், முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று கத்தியே விட்டேன். முனுசாமி கொஞ்சமும் அசரவில்லை.

"வண்டிக்கு ஊத்துனா வண்டி ஓடுது, நாயிக்கு ஊத்துனா நாயி ஓடிப்போச்சுக்கா. சோறு காட்டித்தான் திரும்ப புடிச்சேன்" என்றார்.

டிவியில் குரைத்தது

சனிக்கிழமை சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்தேன். கூட வேலை செய்யும் கீதா, அப்போதுதான் ஸ்டெல்லா டீச்சருக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தாள். டீச்சர் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். நாய் அவருடைய மாணவன் வீட்டு நாயாம், பேர் ஜானியாம். கீதா வீடியோவைக் காட்டினாள். இடது காது பாதி கிழிந்த நாய், முன்னங்காலில் மட்டும் வெள்ளை, பின்னால் நீலத் தண்ணீர்த் தொட்டி. எனக்குப் பகீரென்றது. இந்தக் காதை அந்த வாரத்தில் நான் ஏற்கெனவே இரண்டு தடவை, வேறு வேறு நாய் என்று நினைத்து, பார்த்திருந்தேன்.

பைரவன், ராஜா, ஜானி மூன்றும் ஒரே நாய். செக்ரட்டரிக்குப் பயந்து ஒருவருக்கொருவர் தெரியாமல் சோறு போடுகிற மூன்று பேரும் மறுநாள் காலையில் ஆளுக்கொரு மாத்திரை கொடுக்கப் போகிறார்கள். டீச்சருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. முனுசாமியின் நம்பர் இல்லை. சந்திரசேகரன் சார் எடுத்தார். "சார், உங்க தெரு நாய்க்கு வேற ரெண்டு பேரும் மாத்திரை வாங்கியிருக்காங்க, கொடுத்துடாதீங்க" என்றேன். அவருக்குப் பின்னால் நாய் ஒன்று கணீரென்று குரைத்தது.

"அது டிவிம்மா. எங்க தெருவுல நாயே கிடையாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூஜை

காலையில் பல் விளக்கிய கையோடு முனுசாமியின் அபார்ட்மென்ட் இருக்கும் தெருவுக்கு ஓடினேன். நாய் தொட்டிக்குக் கீழே படுத்திருந்தது. கேட்டருகே சந்திரசேகரன் சார் காலித் தட்டோடு நின்றார். மறுபக்கம் ஸ்டெல்லா டீச்சர் சர்ச்சுக்குக் கிளம்பிய புடவையில், கைக்குட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு நின்றார். முனுசாமி பேப்பர் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வாக்கிங் முடித்த செக்ரட்டரி வந்துவிட்டார். "இங்க யாரு நாய்க்குச் சோறு போட்டது?" என்று அதட்டினார். மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

நாய் எழுந்து இரண்டடி வைத்து லேசாகத் தள்ளாடியது. "எத்தனை மாத்திரை உள்ள போச்சுன்னு தெரிஞ்சாத்தான் டாக்டரம்மா காப்பாத்த முடியும். சொல்லுங்க, இல்லேன்னா இது செத்துடும்" என்று கெஞ்சினேன். பிறகு சந்திரசேகரன் சார் தட்டைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. "நான்தான். நெய் இட்லியில வச்சுக் கொடுத்தேன். இது என் நாய்தான் சார். வண்டி வந்தா என்னையும் சேர்த்து ஏத்திக்கட்டும்."

அதைக் கேட்டதும் டீச்சர் கைக்குட்டையைப் பிரித்தார். ரொட்டி முழுசாக இருந்தது. முனுசாமி பொட்டலத்தை நீட்டினார், "ஈரல்ல வெச்சி எட்த்துனு வந்தேன், இன்னும் குடுக்கல." ஒரே ஒரு மாத்திரைதான் போயிருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை கலவரத்துக்குக் காரணமான நாய் உடம்பை ஓர் உதறு உதறியது. தள்ளாட்டமெல்லாம் வெறும் தூக்கக் கலக்கம். நேராகச் செக்ரட்டரியிடம் போய் அவர் பேன்ட் பாக்கெட்டுக்குள் மூக்கை நுழைத்தது. கிடைக்காததால் உட்கார்ந்து, பழக்கப்பட்ட மாதிரி முன்னங்காலைத் தூக்கிக் கை கொடுத்தது. நாங்கள் நான்கு பேரும் அவரையே பார்த்தோம்.

"பிஸ்கட் மட்டும்தான் மேடம். மாத்திரை வாங்க நாளைக்குத்தான் உங்க கடைக்கு வரலாம்னு இருந்தேன்" என்றார் செக்ரட்டரி.

இப்போது மாத்திரை முனுசாமி கையால் மட்டும்தான், மற்ற மூவரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். முடி நன்றாக முளைத்துவிட்டது, சோறு போடக் கூடாது என்ற ரூல்ஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை, செக்ரட்டரி வைத்த பெயரையும் சேர்த்து நாய்க்கு நாலு பெயர், எதைக் கூப்பிட்டாலும் வருகிறது.

கேட்பாரற்ற நாய்க்குச் சொறிதான் வரும், நாலு பேர் ரகசியமாகக் கேட்கிற நாய்க்கு உயிரே போகும் என்பதுதான் இந்தக் கவுன்டரில் நான் கற்ற ஒரே வைத்தியம்.