அம்மாவின் எண்ணில் இருந்த விரல்

கைபேசியில் குறுஞ்செய்தி வரும் சத்தத்தைக் கேட்டால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தச் சத்தத்தை மாற்றிக்கூடப் பார்த்துவிட்டேன். மாற்றிய சத்தத்துக்கும் சீக்கிரமே பயப்படப் பழகிவிட்டேன்.

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகிற சாலையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்று, பட்டா மாறுதல், அடையாள அட்டையில் முகவரி மாற்றம் என்று எல்லாம் எங்களிடம் வரும். அரசாங்கத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துத் திட்டும் எனக்குத்தான் விழும். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். பெயரில் தப்பு, பிறந்த தேதியில் தப்பு என்று வருகிறவர்களிடம், "குடுக்கும்போதே பாத்து வாங்கியிருக்க வேண்டியதுதானே" என்று எரிந்து விழுவேன். அப்புறம் உட்கார்ந்து திருத்தத்துக்குப் போட்டுக் கொடுப்பேன். "வந்துரும், கவலப்படாதீக" என்று சொல்லி அனுப்புவேன். வருமா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கென்றே என்னிடம் ஒரு குரல் இருக்கிறது.

தப்பு என்பது அடுத்தவர் வீட்டு விஷயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் கூட்டம் இல்லை. முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் படியேறி வந்து, உட்காராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று படிதான். அதற்கே மூச்சு வாங்கியது. உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

"மேடம், ஒரு கார்டு எடுத்துக் குடுக்கணும். எனக்கு கார்டே வந்ததில்ல. எத்தன தடவ போட்டாலும் ஏற்கெனவே இருக்குன்னு திருப்பி விட்டுருவாக. மதுரைல பெரிய ஆபீசுக்குப் போனேன். பத்து வெரலயும் வைக்கச் சொல்லி, இதுதான் ஒன் நம்பருன்னு எழுதிக் குடுத்தாக."

துண்டுத்தாளைப் பார்த்து எண்ணை அடித்தேன். அட்டையை இறக்கிக்கொள்ள வேண்டுமென்றால், பதிவாகியிருக்கும் கைபேசிக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைச் சொல்லச் சொன்னேன்.

"எங்கிட்ட போனே இல்லையே மேடம்."

மேஜையில் கிடந்த என் கைபேசி சத்தம் போட்டது. ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் முயற்சி செய்தேன். மறுபடியும் என் கைபேசி சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். அவள் அட்டைக்கான ரகசிய எண் எனக்கு வந்திருந்தது.

அதை அடித்தேன். திரையில் அட்டை விரிந்தது. அதில் என் அம்மா இருந்தாள்.

என் அம்மாவின் படம், என் அம்மாவின் பெயர், சுருளிப்பட்டியில் நாங்கள் இருக்கும் தெரு. அம்மாவின் அட்டைக்கு என் கைபேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தோம்; அதில் வரும் ரகசிய எண்ணை வைத்தே அவள் ரேஷனும் பென்சனும் ஓடின. யாரோ ஒருத்தி எங்களை ஏமாற்ற வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. திரையை அவள் பக்கம் திருப்பி, "இது யாருன்னு தெரியுமா?" என்று அதட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பயப்படவில்லை. முகம் மலர்ந்தது. அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

"அட, நம்ம ஜீப்பு அத்தை. இவுகளுக்குத்தானே அன்னைக்கு நான் வெரல் வச்சுக் குடுத்தேன்."

மலை மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ள, விடிவதற்கு முன்பே எங்கள் ஊரில் ஜீப்புகள் வந்து நிற்கும். அம்மா பல வருஷம் அப்படிப் போனவள். ஏலக்காய் எடுக்கிற கைகளில் ரேகை நிற்காது. செடியின் தூரில் குனிந்து ஒவ்வொரு காயாகக் கிள்ள வேண்டும். மருந்தடித்த ஈரம் தோலை உரித்துக்கொண்டே இருக்கும். அம்மாவின் விரல் நுனிகள் வழுவழுவென்று ஆகிவிட்டன. நான் வெளியூரில் தங்கிப் படித்த காலத்தில், ஊரில் அடையாள அட்டைக்கு முகாம் போட்ட காலையில், இயந்திரம் அந்த விரல்களை ஏற்கவே இல்லை. வெளியே ஜீப் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். ஜீப்பை விட்டால் அன்றைய சம்பளம் போச்சு. கெங்குவார்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்த புதுப்பெண் ஒருத்தி பின்னால் நின்றிருந்தாள்; அதுதான் இவள். மருதாணி இன்னும் மங்கவில்லை. மலை வேலை அவள் கையை இன்னும் தொடவில்லை. முகாமில் இருந்தவன் நிமிர்ந்து பார்க்காமல், "யாராச்சும் நல்ல வெரலா வைங்க" என்றிருக்கிறான். அவள் கையை நீட்டி வைத்துவிட்டாள். விளக்கு பச்சையானது. எல்லோரும் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டார்கள்.

அவளுக்கும் அன்றைக்கே பதிவு செய்தார்கள். அம்மாவுடையது முன்னால் போனது, அவளுடையது பின்னால் போனது. அதே விரல் மறுபடி வந்ததைப் பார்த்த கணினி, இவள் ஏற்கெனவே இருக்கிறாள் என்று தள்ளிவிட்டது. அதன் பிறகு அவள் எங்கே போய் விரலை வைத்தாலும் அவள் என் அம்மாதான்.

"புருசன் இருந்தவரைக்கும் அவரு கார்டுல ஓடிருச்சு" என்றாள். "அவரு போனப்புறம் இங்க உத்தமபாளையத்துல அண்ணன் வீட்டுக்கே வந்துட்டேன். இப்ப நெஞ்சுல வால்வு சுருங்கிருச்சாம். மதுரைல ஆப்ரேசன் பண்ணணும், காப்பீட்டு அட்டை கொண்டாங்குறாக. அதுக்கு இந்த நம்பரு வேணும். ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக."

நான் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன். இதற்கு வழி என்ன என்று எனக்குத் தெரியும். ஒரே எண்ணில் இரண்டு உடம்பு இருந்தால் அந்த எண்ணை ரத்து செய்வார்கள். பிறகு இருவரும் புதிதாகப் பதிய வேண்டும். இவளுக்கு உடனே வந்துவிடும். அம்மாவுக்கு எதை வைத்துப் பதிவது? விரல்கள் தேய்ந்துவிட்டன. ஒரு கண்ணில் ஆபரேஷன் கோணலாகிப் பால் படர்ந்திருக்கிறது. இன்னொன்றிலும் புரை. எனக்கு எதிரே நின்றவள் மேல் இரக்கம் வரவில்லை. பயம்தான் வந்தது. "விசாரிச்சுச் சொல்றேன், நாளைக்கு வாங்க" என்று அந்தக் குரலில் சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். சர்க்கரை நோய் வந்ததிலிருந்து அவள் மலைக்குப் போவதில்லை. அப்பா இறந்த பிறகு வருகிற பென்சனும் ரேஷன் அரிசியும் அவளுடையவை. அந்த அரிசியைத்தான் எனக்குப் பொங்கிப் போடுவதாகச் சொல்லி என்னையே மிரட்டுவாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா காயை வைத்துவிட்டுக் கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையா? வாய் நெறைய அத்த அத்தன்னு கூப்புடுமே. அதுக்கா நெஞ்சுல சீக்கு?"

"அம்மா, ஒன் நம்பரு போயிரும். புதுசு வர்றது நிச்சயமில்ல."

"அவ வெரலுதானே. அவகிட்டயே குடுத்துரு."

நான் சண்டை போட்டேன். பென்சன் நிற்கும், அரிசி நிற்கும், பேங்கில் கேட்பார்கள், நாளைக்கு உனக்கே ஒன்று வந்தால் ஆஸ்பத்திரியில் என்ன காட்டுவாய் என்று கத்தினேன். வேறு வழி இருக்கும், தேடுவோம் என்றேன். வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவரைக்காயை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு அரிசிதான் நிக்கும். அவளுக்கு உசுரு நின்னுரும். நீ படிச்சவதானே, எது பெருசுன்னு நீயே சொல்லு."

மூன்று பேரும் பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். ஜன்னல் பக்கம் அவள், நடுவில் அம்மா. இத்தனை வருஷத்துக் கதையையும் வழி முழுக்கப் பேசித் தீர்த்தார்கள். யார் யார் செத்தார்கள், யாருக்கு ஜீப் கவிழ்ந்து கால் போனது என்பதெல்லாம்தான் பேச்சு. அலுவலகத்தில் அதிகாரி இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து, "இந்த நம்பர் யாருடையது?" என்று கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "மொகம் என்னது சார், வெரல் இவளது" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அம்மா கையெழுத்துப் போட்டாள். நல்லவேளை, கையெழுத்துக்கு ரேகை வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் என் கைபேசி சத்தம் போட ஆரம்பித்தது. அடையாள எண் ரத்து செய்யப்பட்டது என்று முதல் செய்தி. ரேஷன் அட்டையிலிருந்து உறுப்பினர் நீக்கம் என்று அடுத்தது. பேங்க் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, கிளையை அணுகவும் என்று ஒன்று. சிலிண்டர் மானியம் நிறுத்தம் என்று ஒன்று. ஒவ்வொன்றும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருந்தது. எல்லாச் செய்தியும் அம்மாவின் பெயரைச் சொல்லி, அன்புள்ள என்றுதான் ஆரம்பித்தது. அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன பாப்பா வந்துருக்கு?" என்று கேட்பாள். ரீசார்ஜ் முடிகிறது என்பேன்.

கெங்குவார்பட்டிக்காரிக்கு அட்டை சீக்கிரமே வந்துவிட்டது. காப்பீடு கிடைத்தது, ஆபரேஷனும் நடந்தது. பிழைத்துவிட்டாள். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

அம்மாவை நான் பதிவுக்குக் கூட்டிப் போகாத இடமில்லை. விரலை வைப்பாள், இயந்திரம் சிவப்பு காட்டும். துடைத்துவிட்டு வைப்பாள், சிவப்பு. கண்ணைக் காட்டச் சொல்வார்கள். கண்ணும் பதியாது. கையில்லாதவர்களுக்கு விலக்கு உண்டு. அம்மாவுக்குத்தான் பத்து விரலும் இருக்கிறதே. அதனால் மனு மேலே போயிருக்கிறது. பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் திரை சொல்லும். அந்த வரியை ஜனங்களுக்கு எத்தனையோ தடவை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

தேனியில் ஒரு பதிவு மையத்துக்குப் போன அன்று கெங்குவார்பட்டிக்காரியும் வந்திருந்தாள், ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சையோடு. ரவிக்கைக்கு மேலே தையல் போட்ட தழும்பு தெரிந்தது. படியேறியும் மூச்சு வாங்கவில்லை. உதட்டில் நல்ல சிவப்பு. அம்மா அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து கையை வைத்தாள். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. வரிசையில் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். இயந்திரத்தின் முன்னால் இருந்தவர் சலித்துப்போய் வேறு பக்கம் திரும்பி, "நல்ல வெரலா ஒண்ணு விழுந்தாப் போதும்மா" என்றார்.

சொன்னது அம்மாவிடம்தான். ஆனால் அவள் முன்னால் வந்துவிட்டாள். அம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

"நகருங்கத்த, நான் வைக்கிறேன். எனக்குத்தான் கார்டு வந்துருச்சே. இனி என்ன ஆகிரும்?"

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். நகம் பதிகிற அளவுக்கு அழுத்திப் பிடித்துவிட்டேன். அந்த விரல் அங்கே விழுந்தால் பழையபடி சிக்கி, அவள் அட்டையும் அம்மாவின் மனுவும் சேர்ந்தே போய்விடும் என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. நன்றிக்கடனைத் தீர்க்க வந்தவளை நான் தடுத்துவிட்டதாக நினைத்திருப்பாள். கைக்குள் அவள் நாடி சீராக அடித்துக்கொண்டிருந்தது. அது ஓடுவதற்காகத்தான் அம்மா இங்கே இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தபோது, அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்காக வெட்கமாகவும் இருந்தது.

"விடு பாப்பா, நல்ல மனசுலதானே வந்தா" என்று அம்மா எழுந்துகொண்டாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் மூன்று பேரும் திராட்சை தின்றோம்.

இப்போது அம்மாவின் வலது காலில் ஒரு புண் வந்திருக்கிறது. செருப்புக் கடி என்று ஆரம்பித்தது. மூடுவதாகத் தெரியவில்லை. விரலுக்குக் கீழே கறுத்து வருகிறது. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, தள்ளிப் போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். சேர்க்கும்போது முதலில் அட்டையைத்தான் கேட்பார்கள். அட்டை இல்லாமல் கூட்டிப்போவது என்று முடிவு செய்துவிட்டேன். அங்கே யாரிடம் எப்படிச் சண்டை போட வேண்டியிருக்கும் என்று நினைத்தபடியே தினமும் வேலைக்கு பஸ் ஏறுகிறேன்.

அம்மா அந்தப் புண்ணைக் கவனிப்பதில்லை. விரல்களைத்தான் கவனிக்கிறாள். மலைக்குப் போகாமல் இருந்தால் ரேகை திரும்ப வளரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். குளித்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பாத்திரம்கூடக் கழுவாமல் கையைப் பொத்தி வைத்துக்கொள்கிறாள். நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் வந்து பத்து விரலையும் வெளிச்சத்தில் விரித்துக் காட்டுகிறாள்.

"எனக்குக் கண்ணு தெரியல. நீ பாத்துச் சொல்லு பாப்பா. ரேகை வந்துருக்கா?"

ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கிறேன். வழுவழுவென்று பளபளக்கிறது.

"வந்துரும்மா, கவலப்படாத" என்கிறேன், சென்டரில் எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில்.