அப்பாவின் குறுக்குக் கணக்கு

கூரை ஒழுக்குக்கு வாங்கிய தறப்பாள் நேற்று முற்றத்து வெயிலில் சூடேறி மணத்தபோது, சுனாமியில் கடல் வந்துபோன பிறகு நாங்கள் இருந்த வாவிக்கரைக் கூடாரம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. பகலெல்லாம் உள்ளே இதே மணம்தான். காற்றடித்தால் கூடாரம் படபடக்கும், பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் காய்ச்சலில் முனகுவது கேட்கும், அம்மா அடிக்கடி என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பா.

ஒருநாள் நிவாரணப் பெட்டியில் வந்த வெப்பமானியை என் கக்கத்தில் வைத்தா. முப்பத்தேழு காட்டியது. கடலோடு போன எங்கள் பழைய வெப்பமானி பரனைட். அதில் நூறைத் தாண்டினால்தான் காய்ச்சல். இதுவோ செல்சியஸ்.

"ரெண்டால பெருக்கி முப்பதக் கூட்டினாச் சரி," என்று அப்பா, ரேடியோவில் வெயில் சொல்லும்போது போடும் கணக்கைப் போட்டார். நூற்றி நாலு!

"ஐயோ, என்ட புள்ள!" என்று அலறிய அம்மா குடத்துத் தண்ணீர் முழுவதையும் என் தலையில் ஊற்றினா. நான் குளிரில் நடுங்க, அதையும் காய்ச்சல் என்று நினைத்து இன்னும் அழுதா.

சத்தம் கேட்டு ஓடிவந்த முகாம் நேர்ஸ், ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் பிரித்து, முப்பத்திரண்டைக் கூட்டி மணலில் எழுதிக் காட்டினா. தொண்ணூற்றெட்டுச் சொச்சம்.

"வெயிலுக்கு உங்கட கணக்குப் போதும் அண்ணன், உடம்புக்குக் காணாது. புள்ளைக்கு ஒண்டுமில்ல."

அம்மா ஈரத் துவாயால் அப்பாவின் முதுகில் ஒன்று போட்டுவிட்டுச் சிரித்தா. கடல் வந்த பிறகு அவ சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கூடாரங்கள் நின்ற இடம் இப்போது வெறும் புல்வெளி. என் மகளின் வெப்பமானி முப்பத்தேழு காட்டினால், முதலில் அப்பாவின் கணக்கைத்தான் போடுவேன். நூற்றி நாலு வரும். பிறகு சரியாகப் போட்டு, அம்மாவைப் போலச் சிரிப்பேன்.