கடைசி நீர்வழி

நாராயணப்பா சாருடன் என்னைவிட அதிகக் காலம் வேலை பார்த்தவர்கள் பலர் இருக்கும்போது நான் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இரங்கல் கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

மத்தூரில் பேருந்துக்கு நின்றபோது வெல்டர் மாதையன் அண்ணன் போன் செய்தார். "சார் போய்ட்டாரும்மா. காலையில காபி கேட்டாராம். கொண்டாரதுக்குள்ள..." என்றார். பேருந்தில் ஏறி, சூளகிரி தாண்டும் வரை நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் பட்டறைக்கு வெளியே உள்ளவர்களுக்காக ஒரு வார்த்தை. அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முயலும் உலையில், வாயுவைச் சூடேற்றத் துகள் கற்றையைப் பாய்ச்சுவார்கள். அந்தக் கற்றை படும் செப்புத் தகடுகளுக்கான நீர்க்குளிர்ச்சியைத்தான் சார் வடிவமைத்தார். தகட்டுக்குள் மெல்லிய நீர்வழிகள் வரிசையாக ஓடும். ஒன்றில் தண்ணீர் குறைந்தாலும் அந்த இடம் கொதித்து, செம்பு ஓட்டையாகி, உலைக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அது. தகட்டை ஏற்ற லாரி வாசலில் நின்றது. வாங்க வந்த அதிகாரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கடைசியாக ஒருமுறை வெந்நீர் விட்டு, வெப்பக் கேமரா திரையில் பார்த்தோம். எல்லா நீர்வழிகளும் வெளிச்சமாயின. ஓரத்தில் ஒன்று மட்டும் மங்கலாகவே இருந்தது. வேறு யாராவது சொல்வார்களா என்று காத்திருந்துவிட்டு, கடைசியில் நான் விரலை நீட்டினேன்.

"வாயில சொல்லும்மா. வெரல வெட்டி ரிப்போர்ட்ல ஒட்ட முடியாது" என்றார் சார்.

"கடைசி வழி சூடாகல சார்."

மேலாளருக்குக் கோபம் வந்தது. "மொத்தத் தண்ணி ஓட்டம் சரியா இருக்கே சார். நீங்களே கையெழுத்துப் போட்டாச்சு. இந்தப் பொண்ணு சொல்லுதுன்னு..."

"மொத்தம் சரிதான்ப்பா. பந்தியில மொத்தச் சோறு சரியா இருந்தா, கடைசி எலைக்காரன் பட்டினியா எந்திரிக்கலாமா?"

தண்ணீரை எதிர்ப்பக்கமாகப் பாய்ச்சிப் பார்த்தோம். மங்கல் மாறவில்லை. "வெட்டு மாதையா" என்றார் சார். தண்ணீரைப் பிரித்து அனுப்பும் பெட்டியை வெட்டினால் மாதக்கணக்கான வேலை வீண்.

மாதையன் அண்ணன் என்னைப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லன்னா என்னாம்மா பண்ணுவ?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்தது என்னுடையதுதான். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் நான் வர வேண்டியிருக்காது. அறுக்கும் சத்தம் நிற்கும் வரை நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசி வழியின் வாயில், நூலோடு சுருண்டு கிடந்தது ஒரு சாமந்தி.

"எவன்யா பூவ உள்ள போட்டது?" என்று மேலாளர் மாதையன் அண்ணன் பக்கம் திரும்பினார். பூஜைக்குப் பூ கட்டுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதைச் சார் வேறு யாருக்கும் விட்டதில்லை.

"அவன ஏன் பாக்கற? கட்டுனது நான். பூஜையன்னிக்கு தண்ணி போற கொழாய் மூடியக் கழட்டி வெச்சிட்டு மறந்ததும் நான்" என்றார் சார். அதிகாரியின் முன்னாலேயே அறிக்கையில் தவறுக்குப் பொறுப்பாளராகத் தன் பெயரை எழுதினார். பிறகு என்னிடம் வந்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"வாயத் தெறக்க இவ்ளோ நேரமா? லாரி கெளம்பியிருந்தா?"

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தக் கேள்விதான். மொத்தக் கணக்கு சரியாக வரும் ஒவ்வொரு முறையும் அது கேட்கிறது. ஒவ்வொரு வழியாகத் திரும்பப் பார்க்கிறேன். மங்கலாக ஏதாவது தெரிந்தால், குரல் நடுங்கினாலும் சொல்லிவிடுகிறேன்.

இப்போதும் ஒன்று சொல்ல வேண்டும். சாரின் படத்தைத் தகடு சோதிக்கும் மேடைக்கு நேர் மேலே மாட்டி, தினமும் சாமந்தி மாலை போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். தவறாக நினைக்காதீர்கள். மாலை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். படத்தை மட்டும் அறைக்கு வெளியே, வாசலில் மாட்டுங்கள்.