சுவரில் படம் இருந்த பொடியனுக்குச் சாவி கொடுத்தேன்

அன்று இருந்தவர்களை முதலில் சொல்கிறேன்.

முதலாம் வருஷப் பொடியன் ஒருவன். செட்டிபாளையத்தான். அடி விழுந்தது அவனுக்கு.

நாலாம் வருஷப் பொடியன் ஒருவன். அடித்தவன்.

மூன்றாம் வருஷத்தார் இரண்டு பேர். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டவர்கள்.

இரண்டாம் வருஷப் பொடியன் ஒருவன். கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றான். போன வருஷம் இதே ஆட்களிடம் அடி வாங்கினவன்.

கடைசியாக நான். ஆங்கிலத் துறைப் பியோன். அறைக்குள் இல்லை. வெளியே ஏணியில் நின்றேன். கதவுக்கு மேலே சின்னக் கண்ணாடிச் சட்டங்கள் இருக்கின்றன. ஒரு சட்டம் உடைந்து விழுந்திருந்தது. அதன் வழியாகத்தான் பார்த்தேன்.

புதன்கிழமை, பகல் ரெண்டரை மணி. துறைத் தலைவி மெடமும் சேர்மாரும் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுத்தேன். பிறகு இந்த வேலை. துறையில் எத்தனையோ வருஷம் இருந்தும் இங்கிலீஷ் வராது. 'யெஸ் மெடம்' வரும்.

வெள்ளிக்கிழமை துறையில் சாதனையாளர் விழா. நடைபாதைச் சுவரில் படம் மாட்டுவது என் வேலை. வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் எடுத்த சேர். புத்தகம் எழுதின மிஸ். படித்துப் போய் நல்ல நிலையில் இருக்கிற பழைய மாணவர்கள். கடைசி வரிசையில் இப்போது படிக்கிற பிள்ளைகள். அந்த வரிசையில் நாலாம் வருஷப் பொடியனின் படம் முதலாவது. வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் புலமைப்பரிசு கிடைத்திருந்தது. எங்கள் துறையில் அப்படிக் கிடைத்த முதல் பிள்ளை அவன்.

முதலாம் வருஷப் பொடியனின் படம் புதிது. கொழும்பில் நடந்த இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில் முதலாம் இடம். படத்தோடு பேப்பரிலும் வந்தது.

பேப்பரில் வந்ததுதான் பிழையாகப் போனது.

பொடியன்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. முதலாம் வருஷத்தார் வகுப்புக்கு வெளியே இங்கிலீஷ் பேசக்கூடாது. மூத்தவர்கள் விடுகிறவரைக்கும் கூடாது. ஆங்கிலத் துறைப் பிள்ளைக்கும் அதே சட்டம்தான். இங்கிலீஷை வாள் என்பார்கள். பேசினால், வாள் சுழற்றுகிறான் என்பார்கள். சேர்மாருக்குத் தெரியும். அவர்களும் முதலாம் வருஷத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள்தான்.

அந்தப் பொடியன் மேடையில் பேசிவிட்டான்.

ரெண்டு மணிபோல் நாலாம் வருஷப் பொடியன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, கருத்தரங்கு அறைச் சாவியத் தாங்க. நாடகம் பழகப் போறம்."

"என்ன நாடகம் மனே?"

"வெள்ளிக்கிழமைக்குத்தான். அரசனுக்கு அடி விழுற நாடகம்."

"ஆரு அரசன்?"

"ஒருத்தன் வாறான். நல்லாப் பேசுவான்."

சிரித்தான். நானும் சிரித்தேன். சாவி கொடுக்க மெடத்திடம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. படம் சுவரில் இருக்கிற பொடியன். அவனுக்கு என்ன கேள்வி என்று கொடுத்துவிட்டேன்.

மறுகா ஏணியைக் கொண்டுபோய் அந்த அறைக் கதவோரம் வைத்தேன். கதவுக்கு மேலே ஒரு படம் மாட்ட வேண்டியிருந்தது. ஏறினேன். உள்ளே பார்த்தேன்.

இருவர் முதலாம் வருஷப் பொடியனின் கையைப் பிடித்திருந்தார்கள். அவன் முட்டுக்காலில் நின்றான். பெரியவன், அந்த நாலாம் வருஷத்தான், கையில் உடைந்த கதிரையின் கால்.

"ஆருடா உன்ன மேடையில ஏறச் சொன்ன?"

"மெடம் சொன்னவ, அண்ணன்."

"அண்ணனா? ஆருக்கு அண்ணன்? உன்ட அம்மாவா என்னையும் பெத்தவ?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அடி விழுந்தது. முதுகில். பிறகு தோளில்.

எனக்கு அது நாடகம்தான். பேச்சு தமிழில் இருந்தது. அதுவும் சந்தேகம் தரவில்லை. முதலில் தமிழில் பழகி, பிறகு இங்கிலீஷில் பேசுவதுதான் எங்கள் பிள்ளைகளின் வழக்கம். வருஷம் வருஷம் கண்டிருக்கிறேன். நல்லாச் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

பெரியவன் ஒரு பேப்பர்த் துண்டை எடுத்தான். கசக்கி அவன் வாய்க்குள் அடைத்தான்.

"தின்னு. உன்ட மூஞ்சிதான். எப்பிடி, ருசியா இருக்கா?"

அரசனுக்கு வந்த கடிதம் என்று நினைத்தேன்.

அடித்தான். பொடியன் பக்கவாட்டில் சரிந்தான். பிடித்தவர்கள் நிமிர்த்தினார்கள். திரும்பவும் அடித்தான். காதோடு சேர்த்து விழுந்தது. பொடியனின் கழுத்தில் இரத்தம் இறங்கியது. சாயம் என்று நினைத்தேன். போன வருஷம் நாடகத்துக்கு நான்தான் சாயம் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு அவன் காற்சட்டை நனைந்தது. தரையில் ஓடியது.

நாடகத்தில் அது வராது.

இறங்கினேன். கதவைத் தட்டினேன்.

"அண்ணே, போங்க" என்றான் உள்ளே நின்ற இரண்டாம் வருஷத்தான். "பழகிட்டு இருக்கம்."

"திற."

"திறந்தா எனக்குத்தான் அடி, அண்ணே."

கையில் சுத்தியல் இருந்தது. பூட்டில் அடித்தேன். பலகை பிளந்தது. தோளால் தள்ளிக்கொண்டு போனேன்.

பெரியவன் என்னைப் பார்த்தான். பயப்படவில்லை. "ஆணி அடிக்க வந்தவன் ஆணிய அடிச்சிட்டுப் போ" என்றான். பொடியன் கீழே கிடந்தான். வாயில் பேப்பர். மூச்சுக்கு இழுத்தான். பெரியவன் அவன் தலைக்கு ஓங்கினான். நான் குறுக்கே போனேன். என் புருவத்தில் விழுந்தது. இரத்தம் கண்ணை மறைத்தது. திரும்பவும் ஓங்கினான்.

நான் சுத்தியலால் அவன் மணிக்கட்டில் அடித்தேன்.

முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம். கதிரைக்கால் விழுந்தது. அவன் விழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு நின்றான். கை வேறு பக்கம் பார்த்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நான் பொடியனின் வாய்க்குள் விரலை விட்டுப் பேப்பரை எடுத்தேன். அவன் விரலைக் கடித்தான். தெரிந்து கடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். பின்னால் பெரியவனையும் கூட்டாளிகள் கொண்டுவந்தார்கள். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். படியில விழுந்தன் என்றான் பெரியவன். என் புருவத்துக்குத் தையல் போட்ட ஆளிடம் நானும் படி என்றேன். அப்போது வாயில் அதுதான் வந்தது.

அவர் ஊசியை இழுத்துக்கொண்டே கேட்டார். "உங்கட கம்பஸ்ல வகுப்பும் இருக்கா, இல்ல படி மட்டுந்தானா?"

முதலாம் வருஷப் பொடியன் மட்டும் படி என்று சொல்லவில்லை. அடித்தார்கள் என்று சொன்னான். எழுதியும் கொடுத்தான். இடது காதின் சவ்வு கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாட்டில் என்னிடம் கேட்டான். தனக்கே கேட்காததால் கத்திக் கேட்டான்.

"அண்ணே, நீங்க கண்டதச் சொல்லுவீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர் எங்கள் பக்கம் கிறுகிப் பார்த்தார். நான் தண்ணீர்ப் போத்தலை அவன் கைக்கு எட்ட வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. கலாநிதி சேர் பட்டியலை வாசித்தார். யார் எந்த நாட்டில் கட்டுரை படித்தார், யார் என்ன பரிசு எடுத்தார் என்று எல்லாம் வாசித்தார். முதலாம் வருஷப் பொடியனின் பெயரும் வந்தது. சுகமில்லை, வரவில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவன் கட்டுப்போட்ட கையோடு மேடைக்கு வந்தான். இடது கையால் விருதை வாங்கினான். அதற்குக் கைதட்டு இன்னும் கூடுதல்.

திங்கட்கிழமை மெடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மெடம் கெட்ட ஆளில்லை. போன மழைக்கு என் கூரைக்குத் தகரம் வாங்கித் தந்தவர்.

"விசாரணை வரப்போகுது" என்றார். "வெளியாள் நீங்க ஒருத்தர்தான் கண்டது. படியில விழுந்தாங்க எண்டு சொல்லுங்க. சுத்தியல் கதைய கை முறிஞ்சவனும் சொல்லமாட்டான்."

"பொடியன்?"

"எந்தப் பொடியன்?"

"காது போனவன்."

மெடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் எழுதினதத் திருப்பி எடுக்கலாம்."

"எடுக்காட்டி?"

"பொய் முறைப்பாடு எண்டு வரும். படிப்ப நிப்பாட்டுவாங்க. நான் என்ன செய்ய? அந்தப் புலமைப்பரிசு போனா இனி எங்கட துறைக்கு ஒருத்தரும் தரமாட்டாங்க."

"அப்ப நான் உண்மையச் சொன்னா?"

"பிள்ளைக்குச் சுத்தியலால அடிச்ச பியோன வேலையில வைச்சிருக்க ஏலாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

யெஸ் மெடம் என்றேன். எழும்பி வந்தேன். வீட்டில் மனிசி கேட்டாள், என்ன முடிவு என்று. வலை இன்னும் இருக்கா என்று கேட்டேன். எலி கடிச்சிட்டு, தைக்கலாம் என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். வேறு பீடத்துப் பேராசிரியர்கள் இருவர். மூன்றாவது ஒரு மிஸ். எங்கள் துறையின் பழைய மாணவி. இப்போது நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். பெரியவன் ஒரு பக்கம், பொடியன் ஒரு பக்கம் இருந்தார்கள். மெடம் பின்னால் இருந்தார்.

கேள்வி எல்லாம் மிஸ்தான் கேட்டார். நீதிமன்றத்தில் கேட்கிற மாதிரி, ஒன்றுக்குப் பிறகு ஒன்று.

"படியில விழுந்தாங்களா?"

"இல்ல மிஸ். அடிச்சாங்க."

"ஆர் அடிச்சது?"

கையைக் காட்டினேன். பின்னால் மெடத்தின் கதிரை அசைந்த சத்தம் கேட்டது.

"அடி எப்ப நிண்டது?"

"நான் அவருக்கு அடிச்ச பிறகு."

"எதால?"

"சுத்தியலால. வலது மணிக்கட்டுல."

ஒரு பேராசிரியர் பேனையை வைத்தார். "இது எழுத்தில் போகும். தெரியும்தானே?"

"ஓம் சேர்."

"அறைச் சாவி ஆர் கொடுத்தது?" மிஸ் கேட்டார்.

"நான்."

"அனுமதி கேட்டீங்களா?"

"இல்ல. சுவத்துல படம் இருக்கிற பிள்ளை எண்டு குடுத்தன். நாடகம் பழகுறாங்க எண்டுதான் ஏணியில நிண்டு பாத்தன்."

மிஸ் கொஞ்ச நேரம் எழுதினார். அவருடைய படத்தையும் அதே சுவரில் நான்தான் மாட்டினேன்.

"நாடகம் எண்டு நினைச்சதாச் சொன்னீங்க. எவ்வளவு நேரம் ஏணியில நிண்டீங்க?"

"மணிக்கூடு கட்டல்ல மிஸ்."

"அப்ப இப்பிடிச் சொல்லுங்க. நீங்க இறங்குறதுக்கு முதல் எத்தனை அடி விழுந்தது?"

பொடியன் வலது காதை என் பக்கம் திருப்பினான். நான் அந்தக் கணக்கை வீட்டிலும் சொல்லியிருக்கவில்லை.

"ஒன்பது, மிஸ்."